ரேந்தைத் தலையணையும் விளையாட்டுத் திடலும்

ஒரு மகளிர் கல்லூரியின் சாஃப்ட்பால் அணி எத்தனை கோப்பைகளை வென்றது என்பதை முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த அணியைப் பழக்கியவரின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, மட்டையும் கையுறையும் யாருடைய பணத்தில் வாங்கப்பட்டன, ஆடப் போன நாள்களில் நடந்த பாடங்கள் என்னவாயின என்ற மூன்றையும் அந்த அலமாரி சொல்வதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை இம்மூன்று கேள்விகளும் விளையாட்டோடு பிறந்தவை அல்ல. பெண் குழந்தைகளுக்கென்று இங்கே முதல் பள்ளி தொடங்கிய 1819ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்தே, கற்பிப்பவர் யார், செலவை ஏற்பவர் யார், கற்றதை எதைக் கொண்டு அளப்பது என்பவை பெண்கல்வியைத் தொடர்ந்து வந்துள்ளன. மகளிர் கல்லூரிகளின் விளையாட்டுக் கணக்கு அந்தப் பழைய பேரேட்டின் பிற்காலப் பக்கமாகும். முன்பக்கங்களைப் படிக்காமல் அதைப் புரிந்துகொள்ள இயலாது.

நாஞ்சில் நாடு என்ற பெயர் கறாராகப் பார்த்தால் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களின் நெல்வயல் நிலத்தையே குறிக்கும். கல்குளம், விளவங்கோடு ஆகிய மேற்கு வட்டங்களையும் சேர்த்து நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதன் பின்னர் பேச்சுவழக்கில் மாவட்டம் முழுவதற்குமே இப்பெயர் படரலாயிற்று. ஆகவே இப்பகுதியின் கல்வி வரலாற்றின் பெரும்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழும் அதன் நிழலிலும் நடந்ததாகும்.

1817இல் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்ற கருத்துடைய ஆணையொன்றைப் பிறப்பித்தார். இந்த ஆணை வரலாற்று நூல்களில் பெருமையோடு எடுத்துரைக்கப்படுவது வழக்கம். ஆனால் ஆணைக்கும் கருவூலத்துக்கும் இடையே இருந்த தொலைவு நீண்டது. ரெசிடென்ட் என்னும் ஆங்கிலக் கும்பினியின் அரசவைப் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோவின் தூண்டுதலால் ராணி அளித்த 5,000 ரூபாயைக் கொண்டு நெல்வயல்கள் வாங்கப்பட்டு, அவற்றின் வருவாய் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் நிறுவிய செமினாரிக்கு, அதாவது ஆண் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தமிழும் கற்பித்த உயர்நிலைப் பள்ளிக்கு, நிரந்தர ஆதாரமாக வைக்கப்பட்டது. ஆண்கள் பள்ளிக்கு இவ்வாறு வயல் கிடைத்தது. நாஞ்சில் நாட்டில் வயல் என்பது வெறும் நிலமன்று. கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இருமுறை தவறாமல் வரும் பணம். பெண்கள் பள்ளிக்கு வயல் கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்தது நூல்.

1819 டிசம்பரில் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்த, அதே மிஷனின் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், மீட்டின் மனைவி ஜொஹானாவோடு சேர்ந்து நடத்திய பெண்கள் உறைவிடப் பள்ளியில் ரேந்தை பின்னுவதைக் கற்பிக்கத் தொடங்கினார். ரேந்தை என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். ஆங்கிலேயர் லேஸ் என்று அழைத்த நூற்பின்னலை நாகர்கோவில் மக்கள் இன்றும் இப்பெயராலேயே அறிவர். இந்தப் பின்னலுக்குத் தறியும் இல்லை, கொக்கி ஊசியும் இல்லை. இறுக்கித் திணித்த தலையணை ஒன்றின்மேல் துளையிட்ட மாதிரித் தாளைப் பொருத்தி, துளைகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை இணை இணையாக மாற்றிப் போட்டு, ஊசிகளைச் சுற்றி நூலை முறுக்கியும் குறுக்கிட்டும் கொண்டுபோக வேண்டும். கட்டைகளின் எண்ணிக்கை வடிவத்துக்கேற்பக் கூடும். கண்ணும் விரலும் மட்டுமே வேலை செய்யும். உடல் மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும்.

உள்ளூரில் இந்தப் பொருளுக்குச் சந்தை கிடையாது. இங்குள்ள பெண்கள் உடுத்திய எந்த ஆடைக்கும் ரேந்தை தேவைப்படவில்லை. மேலாடையே பலருக்கு மறுக்கப்பட்டிருந்த காலத்தில் கழுத்துப்பட்டிக்கு அலங்கார ஓரம் யாருக்கு வேண்டும்? வாங்கியவர்கள் இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களும் இங்கிலாந்தில் இருந்த மிஷன் ஆதரவாளர்களும்தாம். அந்த வருவாய் உறைவிடப் பள்ளியின் சோற்றுக்கும் துணிக்கும் பயன்பட்டதோடு, பின்னாளில் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த வேதாகமப் பெண்களின் ஊதியத்துக்கும் பங்களித்தது. இதற்கு இணையாக, இங்கிலாந்தில் உள்ள ஒரு குடும்பமோ சபையோ ஒரு சிறுமியின் செலவை ஏற்று, அவளுக்குத் தம் விருப்பப்படி ஒரு பெயரையும் சூட்டும் புரவலர் முறையும் நடைமுறையில் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் ஒரு பள்ளியின் வரவில் பாதி ஏற்றுமதி, பாதி நன்கொடை. அரசுப் பணம் அதில் பேருக்குக்கூட இல்லாதிருந்த நிலையில், மாணவியர் தங்கள் படிப்புக்கான செலவில் ஒரு பங்கைத் தங்கள் விரல்களாலேயே ஈட்டினார்கள் என்பதே இந்த நிதி ஏற்பாட்டின் சாரம். அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த சிறுமியர் சிலர் பின்னிச் சேர்த்த காசைக் கொண்டு தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினர் என்று மிஷன் பதிவுகள் குறிக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல் என்பதைக் கருதும்போது, ஒரு கைத்தொழில் தாங்கியிருந்த சுமை விளங்கும்.

ஆசிரியர் நிலையோ இதைவிட விசித்திரமானது. பள்ளியை நடத்திய பெண்கள் எவரும் லண்டன் மிஷனின் பணியாளர் பட்டியலில் இல்லை. மிஷனரியின் சம்பளத்தில் மனைவியின் உழைப்பும் அடக்கம் என்று கொள்ளப்பட்டதால், மூன்று பதிற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு நிறுவனத்தைத் தாங்கிய மார்த்தா மால்ட்டுக்குச் சம்பளப் பதிவேட்டில் தனி வரியே கிடையாது. மணமாகாத பெண்களைத் தனிப் பணியாளர்களாக அனுப்ப லண்டன் மிஷன் முடிவு செய்தது 1875இல்தான். மால்ட்டின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது ரேந்தைத் தலையணையும் உடன் சென்று, திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊரொன்றும் பின்னல் ஊராயிற்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்திருக்க, அவர் மனைவி நடத்திய பள்ளியின் பெயர் அந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை. நாகர்கோவில் பள்ளி பின்னர் ஜேம்ஸ் டதி என்ற மிஷனரியின் பெயரைத் தாங்கி டதி பள்ளியானது. கத்தோலிக்கர் பக்கம் 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த மரி லூயிஸ் தெ மீஸ்தர் அநாதைச் சிறுமியரைப் பராமரிக்கும் பொறுப்பேற்றுத் தனித் துறவியர் சபையொன்றுக்கு வித்திட்டபோது, அங்கும் ரேந்தையும் பூத்தையலும் வருவாய்க்கு வழியாயின. சபைகள் வேறு, வழிபாடு வேறு. கணக்குப் புத்தகம் மட்டும் ஒன்றுபோலவே இருந்தது.

உடலைப் பற்றிய வரலாறு இதற்குள்ளேயே ஓடுகிறது. 1822 முதல் 1859 வரை மூன்று கட்டங்களாகத் தென் திருவிதாங்கூரில் எழுந்த தோள்சீலைக் கலகம், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தம் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்தது. சந்தையிலும் வழியிலும் பெண்களின் உடை கிழிக்கப்பட்டது, பள்ளிகளும் வழிபாட்டுக் கூடங்களும் எரிக்கப்பட்டன, 1859இல் அரசு விடுத்த பிரகடனமே நாடார் பெண்கள் மேலாடை அணிய வழிவிட்டது. பெண்ணுடல் பொதுவெளியில் தாக்கப்படும் நிலையில் பள்ளியின் முதல் கடமை அதை மதிலுக்குள் காப்பதாக இருந்தது. எனவே பெண்கள் பள்ளிகளில் உட்கார்ந்து செய்யும் வேலை கண்ணியத்தின் அடையாளமாகவும், முற்றத்தில் ஓடுவது அதற்கு எதிரானதாகவும் தோன்றியதில் வியப்பில்லை. ஊர்ப் பெண்களுக்கு விளையாட்டே தெரியாதென்று இதற்குப் பொருளில்லை. பாண்டியும் பல்லாங்குழியும் தாயமும் வீட்டுத் திண்ணைகளிலும், கும்மியும் ஓண ஊஞ்சலும் தெருவிலும் இருந்தன. வயல் அறுத்த பின் தாளடியில் கிளியாந்தட்டு ஆடியவர்கள் மட்டும் ஆண் பிள்ளைகள்.

படிப்பு மேலே செல்லச் செல்ல ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பழைய செமினாரியின் வழிவந்த ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது இரண்டாம் தரக் கல்லூரியாகவே, அதாவது பட்டத்துக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பு வரை மட்டுமே நடத்தும் கல்லூரியாகவே, இருந்தது. பெண்கள் தனிக் கல்லூரியில் படிக்க விரும்பினால் வடமேற்கே திருவனந்தபுரத்து மகாராஜா மகளிர் கல்லூரிக்கோ, வடகிழக்கே பாளையங்கோட்டையில் இருந்த சாரா டக்கர் கல்லூரிக்கோ போக வேண்டும். திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்களில் ஒருவர் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. நாஞ்சில் நாட்டிலிருந்து பட்டம் படிக்கப் போன பெண்களைவிட அவர்களுக்குக் கற்பிக்கப் போன ஆண்களின் பெயர்களே வரலாற்றில் எளிதாகக் கிடைக்கின்றன.

உடற்கல்வி என்பது பாடமாக உருவெடுத்தது இருபதாம் நூற்றாண்டில். அதற்கு முன் பள்ளிகளில் இருந்தது டிரில். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் டிரில் மாஸ்டராக வந்து, வரிசையில் நிறுத்தி, கை கால்களை எண்ணிக்கைக்கு ஆட்டவைப்பார். இந்நிலையை மாற்றியவர் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக். 1920இல் சென்னையில் அவர் தொடங்கிய உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியே இந்தியாவில் இத்துறையில் முன்னோடி; 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. ஆயினும் அப்பயிற்சிப் பள்ளியில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1940இல். தொடங்கி இருபது ஆண்டுகள் வரை பெண்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற பெண்களை அந்நிறுவனம் உருவாக்கவில்லை என்பதும், பெண்களை ஆண் ஆசிரியரிடம் விளையாட அனுப்பக் குடும்பங்கள் ஒப்பவில்லை என்பதும் சேர்ந்தபோது விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது: பயிற்றுநர் இல்லாததால் விளையாட்டு இல்லை, விளையாட்டு இல்லாததால் பயிற்றுநர் தேவையில்லை.

இக்காலத்தில் தமிழகப் பெண்கள் பள்ளிகளிலும் பின்னர்க் கல்லூரிகளிலும் பரவிய விளையாட்டுகளைக் கவனித்தால் அவற்றுக்கு ஒரு பொதுக்குணம் தெரியும். வளையப்பந்து எனப்படும் டென்னிகாய்ட்டுக்கு ஒரு ரப்பர் வளையமும் குறுக்கே கட்ட ஒரு கயிறும் போதும். எறிபந்து, அதாவது பந்தைக் கையால் தட்டாமல் பிடித்து எறியும் த்ரோபால், சென்னை ஒய்.எம்.சி.ஏ. வட்டாரத்தில் கைப்பந்து விதிகளைத் தழுவி வடிவமைக்கப்பட்டது. பூப்பந்து தஞ்சையின் கொடை. இவை அனைத்தும் வலைக்கு இருபுறமும் பிரிந்து நின்று ஆடுபவை. எதிரணியினரோடு உடல் மோத வாய்ப்பில்லை, சிறிய முற்றத்தில் அடங்கும், தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடலாம், செலவோ மிகக் குறைவு. உடை, இடம், பணம் ஆகிய மூன்று தடைகளையும் ஒருசேரத் தாண்டிய விளையாட்டுகளே பெண்கள் விளையாட்டுகளாயின. பெண்களின் இயல்புக்கு ஏற்றவை என்று பின்னர்ச் சொல்லப்பட்ட காரணம், மதிலின் அளவுக்கு ஏற்றவை என்பதன் மரியாதையான வடிவமாகவே தோன்றுகிறது.

நாகர்கோவிலில் திருச்சிலுவைத் துறவியர் 1965இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரியே மாவட்டத்தின் முதல் மகளிர் கல்லூரி. 1959இல் தனி மறைமாவட்டமாகப் பிரிந்த தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரிப் பேராயம் 1973இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியை நிறுவியது. சுங்கான்கடையில் ஸ்ரீ ஐயப்பா மகளிர் கல்லூரி பின்னர்ச் சேர்ந்துகொண்டது. ரேந்தை பின்னிய பள்ளிகளை நடத்திய இரு கிறித்தவ மரபுகளும், முதல் பள்ளி தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, பட்டப்படிப்புக்கு வந்து சேர்ந்தன என்று சொல்வது பொருந்தும். இம்முறை நிதிக்கு வேறு வழி இருந்தது. அரசு உதவி பெறும் கல்லூரி என்ற அமைப்பில் கட்டடமும் நிர்வாகமும் தனியாருடையவை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான சம்பளம் அரசுடையது. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த உறவுக்குச் சட்ட வடிவம் தந்தது. சம்பளப் பட்டியலில் பெயரில்லாமல் உழைத்த மார்த்தா மால்ட்டின் ஊரில், உடற்கல்வி இயக்குநர் என்ற பதவியில் ஒரு பெண் அரசுச் சம்பளம் வாங்கும் நிலை இவ்வாறு பிறந்தது.

விளையாட்டுக்குப் பெரிய தடையாக நின்றது தூரம். மாவட்டம் மாநிலம் மாறியதால் அதன் கல்லூரிகள் திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து சென்னைக்கும், 1966இல் மதுரையில் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதற்கும், 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானபோது அதற்கும் கைமாறின. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளைப் பல்கலைக்கழகமே நடத்துவதால், தலைமையிடம் மாறும்போதெல்லாம் ஆடப் போகும் ஊரும் மாறியது. திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர். மதுரை சுமார் 240 கிலோமீட்டர். திருநெல்வேலி சுமார் 80. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல், அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலிப் பாதை திறந்தது 1981இல். ஆக, மதுரைக் காலத்தின் முதல் பதினைந்து ஆண்டுகளில் ஒரு மகளிர் அணி போட்டிக்குப் போவதென்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பேருந்தில் அரைநாளுக்கும் மேற்பட்ட பயணம், இரவு தங்கல், உடன் செல்லப் பெண் ஆசிரியர், ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரின் சம்மதம். ஆண்கள் அணிக்கு இவற்றில் முதல் இரண்டு மட்டுமே செலவு. பல்கலைக்கழகம் திருநெல்வேலிக்கு வந்ததால், காலையில் புறப்பட்டு ஆடிவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம் என்ற நிலை பெண்கள் அணிகளுக்கே அதிகம் பயன்பட்டது.

இச்சூழலில் வந்து சேர்ந்த விளையாட்டு சாஃப்ட்பால். 1887இல் சிகாகோ நகரின் படகுக் கழகம் ஒன்றின் கூடத்துக்குள் குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுருட்டி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆடியதில் பிறந்த இவ்விளையாட்டு, பேஸ்பாலின் சிறிய வடிவம். பெயரில் உள்ள மென்மை பந்தில் இல்லை. அணிக்கு ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ், 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, அதைக் கையைத் தோளுக்குமேல் தூக்காமல் கீழிருந்து சுழற்றி வீச வேண்டும் என்பவை இதன் அடிப்படைகள். ஓடுபவர் தொட்டுச் செல்ல வேண்டிய நான்கு தளங்களும் 60 அடி இடைவெளியில் சாய்சதுரமாக அமையும். பெண்கள் ஆட்டத்தில் வீசுபவர் அடிப்பவரிலிருந்து 43 அடி தள்ளி நிற்பார். இந்தியாவில் 1961இல் ஜோத்பூரில் சாஃப்ட்பால் சங்கம் தோன்றிய பிறகு இது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிப் பட்டியலில் இடம் பெற்றது. இந்தியாவில் இதன் வளர்ச்சி கிராமத்துத் திடலிலிருந்து மேலே ஏறியதன்று, பல்கலைக்கழகப் பட்டியலிலிருந்து கீழே இறங்கியது. பெரும்பாலான மாணவியர் கல்லூரிக்கு வந்த பிறகே மட்டையை முதன்முறை தொடுகிறார்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணும் எறிபந்து ஆடிப் பழகிய கையும் உள்ளவர்களை உடற்கல்வி இயக்குநர் பொறுக்கியெடுத்து அணி சேர்க்கிறார். போட்டியிடும் கல்லூரிகள் குறைவு என்பதால் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிப்பது மற்ற விளையாட்டுகளைவிட எளிது என்ற கணக்கும் இதில் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் சாஃப்ட்பால், வளையப்பந்தின் மூன்று வசதிகளையும் மறுக்கிறது. எறிபந்துக் களத்தின் அளவு 18.30 மீட்டருக்கு 12.20 மீட்டர். சாஃப்ட்பாலின் வெளியெல்லையை 200 அடி என்று குறைத்துக்கொண்டாலும் பந்து செல்லத்தக்க கால்வட்டத்துக்குள் ஏறத்தாழ பதின்மூன்று எறிபந்துக் களங்கள் அடங்கும். ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் தோல் கையுறை, பந்துபிடிப்பவருக்கு முகமூடியும் மார்புக் கவசமும் கால் காப்பும், அடிப்பவருக்குத் தலைக்கவசம், உலோக மட்டைகள் என்று ஒரு வளையத்துக்கும் கயிற்றுக்கும் பழகிய வரவுசெலவில் இது பெரிய பாய்ச்சல். தளத்தை நோக்கிச் சறுக்கி விழ வேண்டிய ஆட்டமாதலால் முழுக்கால் சட்டை தவிர வேறு உடையும் பொருந்தாது. தோள்சீலைக்காகத் தெருவில் அடிபட்ட பெண்களின் மாவட்டத்தில் பெண்கள் கால்சட்டையோடு புழுதியில் சறுக்குவது எவரையும் திரும்பிப் பார்க்கவைக்காத காட்சியானது, சட்டமும் கிளர்ச்சியும் இல்லாமல், சீருடைக் கடையில் டிராக் சூட் வாங்கிய செலவிலேயே நிகழ்ந்த மாற்றம்.

பணியாளர் அமைப்பு பார்வைக்குச் சிறியது. அரசு உதவி பெறும் கல்லூரியில் பொதுவாக ஓர் உடற்கல்வி இயக்குநர், அவருக்குக் கீழே மார்க்கர். மார்க்கர் என்பவர் திடலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, வலை கட்டி, பொருளறையைக் காப்பவர். அவரில்லாத கல்லூரியில் கோடு போடுவதும் மாணவியர் வேலையாகிவிடும். இயக்குநர் பதவிக்கு உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வும் போதா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் உடல்தகுதிச் சோதனையையும் கேட்கின்றன, அதன்படி முப்பது வயது வரையிலான பெண் எட்டு நிமிடத்தில் 1,000 மீட்டரை ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர்களில் வேறெவரும் வேலைக்காக ஓடிக் காட்ட வேண்டியதில்லை. இத்தகுதியைப் பெற மாவட்டத்துப் பெண்கள் முன்போல் சென்னைக்குப் போகத் தேவையில்லை. மேற்கே திருவனந்தபுரம் காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும், கிழக்கே திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார் பெயரிலான உடற்கல்விக் கல்லூரியும் உள்ளன. இவ்வளவு தகுதியோடு வருபவர் சாஃப்ட்பால் மட்டுமல்லாது, கபடி, கைப்பந்து, கோ-கோ, தடகளம், சதுரங்கம் என்று அனைத்துக்கும் ஒரே பயிற்றுநர். கூடவே விளையாட்டு விழா, குடியரசு நாள் அணிவகுப்பு, வாயிலில் அடையாள அட்டை பார்த்தல், பொதுவாக மாணவியரின் ஒழுங்கு. விசில் வைத்திருப்பவரே காவலும் இருக்கலாம் என்ற எண்ணம் டிரில் மாஸ்டர் காலத்து எச்சம்.

ஒப்பீட்டுக்கு அமெரிக்காவைப் பார்க்கலாம், ஏனெனில் இந்த விளையாட்டின் தாய்நாடு அது. அங்கும் பெண்கள் அணிக்குப் பணம் தானாக வந்துவிடவில்லை. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பாலின அடிப்படையில் வேறுபாடு காட்டக் கூடாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவே கல்லூரிகளை அதற்குள் இழுத்தது. அதன்பின் முதல்நிலைக் கல்லூரி ஒவ்வொன்றும் பன்னிரண்டு முழு உதவித்தொகைகளுக்குச் சமமான தொகையை ஒரு சாஃப்ட்பால் அணிக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்ற வரம்பு பல ஆண்டுகள் இருந்தது. ஒரு தலைமைப் பயிற்றுநரும் துணைப் பயிற்றுநர்களும் அந்த ஒரே அணிக்காகச் சம்பளம் பெற்றனர். படிப்பை அளக்கவும் 2004ஆம் ஆண்டையொட்டி ஒரு வாய்பாடு ஏற்பட்டது: உதவித்தொகை பெறும் மாணவி ஒவ்வொரு பருவத்திலும் தேர்ச்சித் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, கல்லூரியைவிட்டு விலகாமல் இருந்தால் ஒரு புள்ளி, அணி பெற்ற புள்ளிகளை ஆயிரத்துக்கு மாற்றி, 930க்குக் குறைந்தால் அந்த அணி இறுதிக்கட்டப் போட்டிகளில் ஆட முடியாது. படிப்புக் குறைந்தால் அணியையே தண்டிக்கும் இம்முறை சரியா என்பது வேறு வழக்கு. அணி படிக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே பொறுப்பேற்க ஓர் அலுவலகம் இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இங்கே அதே கேள்விக்கு வருகைப் பதிவேட்டில் பதில் தேட வேண்டும். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது பொது விதி. போட்டிக்குப் போன நாள்களை வந்த நாள்களாகக் கொள்ளும் சலுகையை மாணவியர் ஓ.டி. என்பர். ஆன் டியூட்டி என்ற அலுவலகச் சொல்லின் சுருக்கமான இது, விளையாட்டைக் கடமையாக ஏற்பதுபோல் ஒலித்தாலும், வருகையை மட்டுமே தரும். தவறிய ஆய்வகப் பயிற்சியையோ அகமதிப்பீட்டுத் தேர்வையோ திருப்பித் தராது. அவற்றை மாணவி ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்கள் பெரும்பாலும் முதல் பருவத்திலும், தேர்ந்தெடுத்த பல்கலைக்கழக அணியின் தென்மண்டலப் போட்டி அதற்கடுத்தும் வருவதால், நன்றாக ஆடியவளுக்கே படிப்பு இழப்பு அதிகம். பட்டப்படிப்பின் ஐந்தாம் பகுதி என்ற தலைப்பில், 1969இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை ஆகியவற்றோடு உடற்கல்வியும் ஒரு மதிப்பலகுக்குரியதாக இடம் பெற்றுள்ளது. மூன்றாண்டுத் திடல் உழைப்புக்கு மதிப்பெண் பட்டியலில் கிடைக்கும் இடம் அந்த ஓர் அலகு. மறுபுறம், தேசியத் தர மதிப்பீட்டுக் குழு கல்லூரிகளைத் தரம் பிரிக்கும்போது மாணவர் பெற்ற விளையாட்டுப் பதக்கங்களைத் தனிக் குறியீடாக எண்ணுகிறது. பதக்கம் கல்லூரியின் மதிப்பெண்ணை உயர்த்தும் அளவுக்கு அதை வென்றவளின் மதிப்பெண்ணை உயர்த்துவதில்லை.

நிதிக் கணக்கில், அரசு சம்பளத்தை ஏற்றாலும் பந்தை ஏற்பதில்லை. சேர்க்கையின்போது ஒவ்வொரு மாணவியும் செலுத்தும் தொகையில் விளையாட்டுக் கட்டணம் என்றொரு சிறு வரி உண்டு. அதன் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போக, எஞ்சியதில்தான் பொருள்களும் உள்ளூர்ப் பயணமும் சிற்றுண்டியும். ஒருநாளும் திடலுக்கு வராத பெரும்பான்மை மாணவியரின் பணத்தில் சிறுபான்மையினர் ஆடுகிறார்கள் என்று இதைச் சொல்லலாம். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானவர்களின் வெளியூர்ப் பயணத்தைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். 1980களுக்குப் பின் பெருகிய சுயநிதிக் கல்லூரிகளிலும், உதவிபெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளிலும் சம்பளமே கட்டணத்திலிருந்து வருவதால், அங்கே பயிற்றுநரும் பந்தும் ஒரே பைக்குள் போட்டியிட வேண்டியுள்ளது. தொகுப்பூதியத்தில் வந்தவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் பள்ளி வேலை கிடைத்துப் போய்விட்டால் அவர் உருவாக்கிய அணியும் கலைகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாயை நேரே அவள் வங்கிக் கணக்கில் சேர்க்கிறது. இதில் எவ்வளவு விளையாட்டுக் காலணியாகிறது என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டின் பெண்கல்வி வரலாற்றில், எதையும் பின்னிக் கொடுக்காமலும் எவர் பெயரையும் சூடிக்கொள்ளாமலும் மாணவியின் கைக்கே வரும் பணம் என்ற வகையில் அது புதிது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 விழுக்காடாக, மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. படித்த பெண்களுக்குக் குறைவில்லாத இம்மாவட்டத்தில் குறைவாக இருப்பது சமதரை. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட 1,700 சதுர கிலோமீட்டருக்குக் குறைவான பரப்பில் பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ, தரைவிலை ஏற ஏற, கல்லூரித் திடல்களின் ஓரங்களில் புதிய பாடப்பிரிவுகளுக்கான கட்டடங்கள் எழுகின்றன. எறிபந்துக் களம் அதனால் சுருங்குவதில்லை, சாஃப்ட்பாலின் வெளிக்களம்தான் முதலில் போகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் ஊராதலால், முதல் பருவத்தில் ஆடி முடிந்து ஐப்பசி தொடங்கும் வரையிலான இடைவெளியே திடல் ஓரளவு காய்ந்திருக்கும் காலம். கல்லூரிப் போட்டிகளும் பெரும்பாலும் அந்த வாரங்களிலேயே வருகின்றன. மார்க்கர் காலையில் 60 அடிக் கயிற்றைப் பிடித்துச் சாய்சதுரத்துக்குச் சுண்ணாம்பு இட, முதல் வகுப்பு மணி அடிக்கும்வரை பயிற்சி நடக்கும். மாலையில் பேருந்து நேரத்துக்கு முன் இன்னொரு அரைமணி.